வீட்டு ஃபைபர் லைனில் சொந்த சர்வர்: எதை வைக்கலாம், எதை வைக்க வேண்டாம்

நீங்கள் கேட்டிருப்பது இது: கல்லிடைக்குறிச்சியில் வீடு, 100 எம்பிபிஎஸ் ஃபைபர் லைன், சும்மா கிடக்கும் ஒரு பழைய லேப்டாப். அதை சர்வராக்கி குடும்ப போட்டோக்கள், சித்தப்பாவின் அப்பளக் கடைக்கு ஒரு வெப்சைட், சொந்தப் பெயரில் மெயில் என்று மூன்றையும் வைக்க வேண்டும். ரவுட்டரில் போர்ட், அதாவது வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசல், திறந்தும் பார்த்துவிட்டீர்கள், வீட்டுக்குள் தெரிகிறது, வெளியிலிருந்து தெரியவில்லை. வாடகை சர்வருக்கு மாதாமாதம் காசு கட்ட மனசில்லை. விதிமுறை இதற்கு இடம் தருமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போர்ட் பற்றிய கேள்வியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன: வெளியிலிருந்து அந்த மெஷினை எட்ட முடியுமா, எட்ட முடிந்தால் அதை ஊருக்கே திறந்து வைக்கலாமா, அதை நம்பி இன்னொருவரின் பிழைப்பை வைக்கலாமா. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போட்டோவைத் தாராளமாக வீட்டில் வையுங்கள். வெப்சைட்டை வீட்டில் வைக்க முடியும், ஆனால் கடைக்கான வெப்சைட் வேண்டாம். மெயில் வேண்டவே வேண்டாம்.

நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு பல வருஷமாக நெட்வொர்க் வேலை பார்ப்பவன். முதலில் ஒரு உள்ளூர் ஆபரேட்டரிடம் லைன் வேலை, இப்போது கல்லூரிகளுக்கும் ஆபீஸ்களுக்கும். வீட்டிலும் ஒரு சர்வர் ஓடுகிறது, குடும்பம் முழுக்க அதைத்தான் பயன்படுத்துகிறது. கீழே சொல்வதில் பெரும்பகுதி தினமும் கையில் படும் விஷயம். ஆபரேட்டருக்கு ஆபரேட்டர், தெருவுக்குத் தெரு மாறுகிறதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன், அதையெல்லாம் நீங்கள்தான் உங்கள் லைனில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

போர்ட் விஷயத்துக்கு வருவோம். ரவுட்டரில் நீங்கள் செய்தது முழுக்கச் சரியாகவே இருக்கலாம், இருந்தும் வேலை செய்யாது. பழைய ஐபி முகவரிகள், அதாவது ஐபிவி4, மொத்தமே சுமார் 429 கோடிதான். உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. அதே வருஷம் ஏப்ரலில் நம் ஆசிய பசிபிக் பகுதிப் பதிவகமும் கடைசித் தொகுப்புக்கு வந்து, அதன் பிறகு அளந்து அளந்துதான் கொடுத்தது. அதற்கப்புறம் தொழிலைப் பெருக்கிய ஆபரேட்டர்கள் பலர் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு வைக்கிறார்கள். இதைத்தான் சிஜிநாட் என்கிறார்கள். நம்மூர் வளவு வீடு மாதிரி: தெருவில் ஒரே வாசல், ஒரே கதவு எண், உள்ளே பல குடும்பங்கள். உள்ளே இருப்பவர் வெளியே போய்வரத் தடையில்லை, ஆனால் வெளியாள் கதவு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால் எந்த வீட்டுக்கு வந்தவர் என்று யாருக்கும் தெரியாது. நீங்கள் திறந்தது உங்கள் உள்கதவு. தெருவாசல் ஆபரேட்டர் கையில் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஐந்து நிமிஷம் போதும். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) அல்லது இன்டர்நெட் ஸ்டேட்டஸ் என்று ஒரு இடம் இருக்கும், அங்கே காட்டும் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே வீட்டு வைஃபையிலிருந்து, உங்கள் ஐபி என்ன என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களுக்குத் தனிப் பொது முகவரி இருக்கிறது, பிரச்சினை வேறு எங்கோ. இரண்டும் வேறாக இருந்து, ரவுட்டர் காட்டுவது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது சிஜிநாட்டேதான், அந்த எண் வரிசையை 2012-இல் இதற்கென்றே ஒதுக்கி வைத்தார்கள். 10 என்று தொடங்கினாலும் அநேகமாக அதே கதை. 192.168 என்று வந்தால், வீட்டுக்குள்ளேயே ஆபரேட்டர் கொடுத்த மோடம் ஒன்று, நீங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர் ஒன்று என்று இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருக்கலாம். அப்போது முதல் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு, அதாவது தான் ரவுட்டராக நிற்காமல் லைனை அப்படியே அடுத்த பெட்டிக்குக் கடத்தும் நிலைக்கு, மாற்றச் சொல்லிவிட்டுத் திரும்பச் சோதியுங்கள். இன்னொரு விஷயம். நீங்கள் ஏற்கெனவே டெயில்ஸ்கேல் (உங்கள் கருவிகளை மட்டும் பூட்டிய தனிப்பாதையில் இணைக்கும் விபிஎன் மென்பொருள்) போட்டிருந்தால் அதுவும் தன் முகவரிகளை இதே 100 வரிசையிலிருந்துதான் எடுக்கும், அதைப் பார்த்து சிஜிநாட் என்று நினைத்துவிடாதீர்கள், ரவுட்டர் பக்கத்தில் காட்டுவதுதான் கணக்கு.

சிஜிநாட் என்று உறுதியானால் ஆபரேட்டரிடம் கேட்டுப் பார்க்கலாம். கேட்கும் விதத்தில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. ‘போர்ட் வேலை செய்யலை’ என்று சொன்னால் லைன்மேனை அனுப்புவார்கள், அவர் வந்து மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டுப் போவார். அவர் மேல் தப்பில்லை, அது அவர் கையில் இல்லை. ஆபீஸில் டெக்னிக்கல் ஆளைப் பிடித்து, ‘என்னை சிஜிநாட்டிலிருந்து எடுத்துப் பப்ளிக் ஐபிக்கு மாற்ற முடியுமா, ஸ்டாடிக் வேண்டாம், மாறினாலும் பரவாயில்லை’ என்று கேளுங்கள். ஸ்டாடிக், அதாவது மாறாத முகவரி, என்றால் அது தனிக் கட்டணம், சில இடங்களில் பிசினஸ் பிளானுக்கு மட்டும்தான். மாறும் பப்ளிக் ஐபியைச் சில சின்ன ஆபரேட்டர்கள் முகத்துக்காகவே செய்து கொடுப்பார்கள், பெரிய கம்பெனிகளில் அந்தப் பேச்சே எடுபடாது. முகவரி மாறிக்கொண்டே இருந்தால் டக்டிஎன்எஸ் மாதிரி இலவச டைனமிக் டிஎன்எஸ் சேவை ஒன்றைப் போட்டுக்கொண்டால் பெயர் நிலையாக இருக்கும், எண் மாறினாலும் அது பின்னாலேயே ஓடும்.

ஐபிவி6 என்ற புதிய முகவரி முறை பற்றியும் கேட்பீர்கள். அதில் முகவரிக்குப் பஞ்சமே இல்லை, இந்தியாவில் மொபைல் நெட்வொர்க்குகளில் அது நன்றாகப் பரவியும் இருக்கிறது, அதனால் உங்கள் போன் மொபைல் டேட்டாவிலிருந்து வீட்டு லேப்டாப்பை ஐபிவி6 வழியாக நேராகவே எட்டலாம். ஆனால் மூன்று இடத்தில் தடுக்கும். உங்கள் ஆபரேட்டர் அதைக் கொடுக்க வேண்டும், உள்ளூர் ஆபரேட்டர்களில் கொடுக்காதவர்கள் இருக்கிறார்கள். மோடத்தின் ஃபயர்வால் வெளியிலிருந்து வருவதை வழக்கமாக மறித்து வைத்திருக்கும், அதைத் திறக்கும் இடமே சில மோடங்களில் இருக்காது. கடைசியாக, பல ஆபீஸ் வைஃபையிலும் காலேஜ் வைஃபையிலும் இன்னும் ஐபிவி4 மட்டும்தான், அங்கே போய் உட்கார்ந்தால் உங்கள் வீட்டு சர்வர் கண்ணுக்கே தெரியாது.

பப்ளிக் ஐபி கிடைத்த பிறகும் ஆட்களைக் குழப்பும் ஒன்று உண்டு. வீட்டு வைஃபையில் இருந்துகொண்டே சர்வரின் வெளிப்பெயரைப் போட்டுப் பார்ப்பார்கள், திறக்காது. பல மோடங்களுக்கு உள்ளிருந்து கிளம்பிய கோரிக்கை வெளிமுகவரியைத் தொட்டு உள்ளேயே திரும்பி வருவதைக் கையாளத் தெரியாது. அதனால் சோதிக்கும்போது போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் பாருங்கள். அதே போல, ஆபரேட்டர் தூரத்திலிருந்தே மோடத்துக்கு அப்டேட் அனுப்பும்போது நீங்கள் போட்ட அமைப்புகள் அழிந்து போவதும் நடக்கும், நேற்று வேலை செய்தது இன்று செய்யவில்லை என்றால் முதலில் அங்கே பாருங்கள்.

சரி, கதவு திறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். திறக்கலாமா என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி, இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவன். தூரத்திலிருந்து சர்வருக்குள் போய்க் கட்டளை கொடுக்கும் எஸ்எஸ்ஹெச் வழியின் போர்ட்டைப் பொது முகவரியில் திறந்துவிட்டு அன்று சாயங்காலம் லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள். ரூட், அட்மின், டெஸ்ட், உபுண்டு, ஆரக்கிள், பை என்று வரிசையாகப் பெயரைப் போட்டுப் போட்டு யாரோ உள்ளே வரப் பார்த்திருப்பார்கள், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சில வினாடிதான் இடைவெளி இருக்கும், முகவரி மட்டும் நாட்டுக்கு நாடு மாறிக்கொண்டே இருக்கும். உங்களைத் தெரிந்து யாரும் வரவில்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் ராத்திரி பகலாகத் தட்டிப் பார்க்கும் புரோகிராம்கள் அவை. பாஸ்வேர்டை நிறுத்திவிட்டு கீ (உங்கள் கருவியில் இருக்கும் ரகசியச் சாவிக் கோப்பு) மட்டும் என்று வைத்தால் எஸ்எஸ்ஹெச்சைப் பொறுத்தவரை பெரிய பயமில்லை. பயம் மேலே ஓடும் அப்ளிகேஷன்களில். வீட்டு நெட்வொர்க்கில் மாட்டும் நாஸ் என்ற சேமிப்புப் பெட்டிகளை நேராக இணையத்தில் திறந்து வைத்திருந்தவர்களை 2021 ஏப்ரலில் க்யூலாக்கர், 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர்கள் பிடித்தன. குடும்ப போட்டோ, குழந்தை வீடியோ எல்லாம் பூட்டப்பட்டு, திறக்கக் காசு கேட்டார்கள். அந்த மக்கள் பாஸ்வேர்டை ஊருக்குச் சொன்னவர்கள் இல்லை, மென்பொருளில் ஒரு ஓட்டை இருந்தது, அவர்கள் வாசல் திறந்திருந்தது, அவ்வளவுதான். பகல் முழுக்க வேறு வேலை பார்க்கும் ஒருவர், ஒரு ஓட்டை வெளியான அதே ராத்திரி அப்டேட் போடுவார் என்று நம்ப முடியாது.

ஆகவே வீட்டு சர்வரை வைத்துக்கொள்ளுங்கள், போர்ட் எதையும் திறக்காதீர்கள், விபிஎன் வழியாக மட்டும் போய்வாருங்கள். சிஜிநாட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் பதில் இதுதான். இதில் நல்ல விஷயம், சிஜிநாட் ஒரு தடையாகவே இருக்காது. டெயில்ஸ்கேல் மாதிரியானவை உள்ளிருந்து வெளியே கிளம்பும் இணைப்பையே வைத்து இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும். அடியில் ஓடுவது வயர்கார்டு என்ற விபிஎன் முறை, 2020 மார்ச்சிலிருந்து லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தரத்தில் சந்தேகமே வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு இலவசத் திட்டம் உண்டு. லேப்டாப்பில் ஒன்று, உங்கள் போனில் ஒன்று, அம்மா போனில் ஒன்று என்று போட்டுவிட்டால் நீங்கள் சென்னையில் இருந்தாலும் வீட்டுக்குள் இருப்பது போலவே சர்வர் தெரியும். உங்கள் தகவலை அந்தக் கம்பெனி படிக்க முடியாது, ஆனால் யார் யாரோடு சேரலாம் என்ற கணக்கு அவர்கள் சர்வரில் இருக்கிறது, நாளைக்கு அவர்கள் திட்டத்தை மாற்றினால் நீங்களும் மாற வேண்டியிருக்கும். பப்ளிக் ஐபி இருப்பவர்கள் நேராக வயர்கார்டையே போடலாம். அதற்கு ஒரு யுடிபி போர்ட் திறக்க வேண்டும், சரியான கீ இல்லாமல் தட்டுகிறவருக்கு அது பதிலே சொல்லாது என்பதால் அந்த ஒன்றை மட்டும் திறந்து வைக்க எனக்கு ஆட்சேபணை இல்லை.

போட்டோவுக்கு இம்மிச் என்ற மென்பொருளைப் போடுங்கள். போனிலிருந்து தானாக ஏறும், முகம் பார்த்துப் பிரிக்கும், தேதி வாரியாகத் தேடலாம். லேப்டாப்பில் 4 ஜிபி ராம் என்றால் திணறும், 8 இருந்தால் நிம்மதி. போட்டோவோடு நிறுத்தாமல் பேப்பர்லெஸ் என்ற இன்னொன்றையும் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நம் வீடுகளுக்கு அதுதான் இன்னும் அதிகம் பயன்படும். பட்டா, வீட்டு வரி ரசீது, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், ஸ்கூல் டிசி எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணிப் போட்டால் உள்ளே இருக்கும் எழுத்தைப் படித்துத் தேடும்படி வைத்துக்கொள்ளும். அதற்குள் இருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டுக்குத் தமிழ் மொழித் தொகுப்பு உண்டு, அமைப்பில் தமிழும் ஆங்கிலமும் என்று இரண்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அச்சடித்த தமிழைப் பரவாயில்லாமல் படிக்கும். தாத்தா காலத்துப் பத்திரங்களில் இருக்கும் கையெழுத்தை அது படிக்காது, அவற்றுக்குப் பெயரும் சர்வே எண்ணும் நீங்களே கையால் போட்டு வையுங்கள். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருந்தால் கிவிக்ஸ் போட்டுத் தமிழ் விக்கிப்பீடியாவை முழுசாக இறக்கி வைக்கலாம், லைன் போன நாளிலும் வீட்டு வைஃபையில் திறக்கும்.

இப்போது சித்தப்பாவின் அப்பளக் கடை. வெப்சைட்டை வீட்டிலிருந்து காட்டத் தொழில்நுட்பம் இருக்கிறது. கிளவுட்ஃப்ளேர் என்ற கம்பெனியின் டனல் என்பது உங்கள் லேப்டாப்பிலிருந்து அவர்கள் நெட்வொர்க்குக்கு ஒரு இணைப்பைப் போட்டு, வருகிறவர்களை அதன் வழியாக உள்ளே அனுப்பும். சிஜிநாட்டிலும் ஓடும், வீட்டு ஐபி வெளியே தெரியாது, 2021-இலிருந்து இலவசம். இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போடுங்கள். எச்டிடிபிஎஸ் பூட்டு அவர்களிடம் ஒரு முறை திறந்துதான் மூடப்படுகிறது, அதாவது நடுவில் அவர்கள் பார்க்கக் கூடிய நிலையில் இருக்கிறார்கள். இன்னொன்று, இலவசத் திட்டத்தில் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் ஏற்ற முடியாது. இம்மிச்சை இந்த வழியில் வைத்துவிட்டுக் கல்யாண வீடியோ மட்டும் ஏறமாட்டேன் என்கிறதே என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான்.

ஆனாலும் கடை வெப்சைட்டை வீட்டில் வைக்காதீர்கள் என்பேன். கல்லிடை அப்பளத்துக்கு வெளியூரில் பேர் இருக்கிறது, மதுரையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஒரு ஆள் ஆர்டர் போன் நம்பர் தேடி வரும் நாள், துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு நாளாக இருக்கும். காலை ஒன்பது மணிக்குப் போகும் கரன்ட் மதியத்துக்கு மேல்தான் வரும், பேப்பரில் முதல் நாளே போடுவார்கள், நமக்குப் பழகிப்போனது. பெங்களூர்க்காரருக்கு அது தெரியாது, கடை மூடிவிட்டார்கள் போல என்று அடுத்த கடைக்குப் போய்விடுவார். கடைக்குத் தேவை நாலு பக்கம்: என்ன சரக்கு, என்ன விலை, போன் நம்பர், வழி. இதை வெறும் எச்டிஎம்எல் பக்கங்களாக எழுதி கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் மாதிரி இலவச இடத்தில் வைத்துவிடலாம். வாடகையும் இல்லை, கரன்ட் கவலையும் இல்லை. கடைப் பக்கத்துக்கு அவர்கள் விதிமுறைகள் இடம் தருகின்றனவா என்பதை மட்டும் ஒரு முறை படித்துக்கொள்ளுங்கள். காசு செலவழிக்க வேண்டியது டொமைன் பெயருக்கு, அதாவது வெப்சைட்டின் சொந்த முகவரிப் பெயருக்கு, மட்டும்தான். அதைச் சித்தப்பாவின் பெயரில், அவருடைய சொந்த மெயிலில், அவருடைய போன் நம்பரில் பதியுங்கள். டிசைன் பண்ணிக் கொடுத்த பையன் தன் கணக்கில் டொமைனை வாங்கிவிட்டு வேறு ஊருக்குப் போய்விட, புதுப்பிக்க வழியில்லாமல் பெயரையே இழந்த கடைகளை இந்த மாவட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். நீங்கள் அவர் வீட்டுப் பிள்ளைதான், இருந்தாலும் அப்படிச் செய்வதுதான் முறை.

மெயில் ஏன் கூடாது என்பதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் காரணம் கரன்ட். அது உண்மையான காரணம் இல்லை. உங்கள் சர்வர் சில மணி நேரம் அணைந்திருந்தால் அனுப்புகிற சர்வர் மெயிலை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப முயலும், வழக்கமாக நாலைந்து நாள் வரை விடாது. பிரச்சினை நீங்கள் அனுப்பும் மெயிலில்தான். வீட்டு லைன்களில் 25-ஆம் போர்ட்டைப் பல ஆபரேட்டர்கள் மறித்து வைத்திருக்கிறார்கள். மறிக்காவிட்டாலும், வீடுகளுக்குக் கொடுக்கப்படும் முகவரிகள் ஸ்பாம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸ் வைத்திருக்கும் ஒரு பட்டியலில் மொத்தமாகவே இருக்கும், இங்கிருந்து மெயில் நேராக வரக் கூடாது என்று அறிவிக்கும் பட்டியல் அது, நீங்கள் எதுவும் செய்திருக்க வேண்டியதில்லை. ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பிடிஆர் பதிவு ஆபரேட்டர்தான் போட்டுத்தர வேண்டும், வீட்டு பிளானுக்குப் போடமாட்டார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் பிடிஆர் இல்லாத, மெயில் உண்மையிலேயே அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் இல்லாத மெயில்களைக் கறாராகப் பார்க்கிறது. விளைவு என்னவென்றால், சில நேரம் மெயில் திரும்பி வந்துவிடும், சில நேரம் போய்விட்டது என்றே உங்களுக்குக் காட்டும், அது எதிர்ப்பக்கம் ஸ்பாம் பெட்டியில் கிடக்கும். சித்தப்பா அனுப்பிய விலைப்பட்டியலைப் பார்க்கவே இல்லை என்று வாடிக்கையாளர் சொல்லும் வரை தெரியாது. டொமைனை நீங்கள் வைத்துக்கொண்டு, மெயிலை மட்டும் ஏதாவது மெயில் சேவையிடம் விடுங்கள். நாளைக்கு அந்தச் சேவை பிடிக்கவில்லை என்றால் முகவரி மாறாமல் வேறு இடத்துக்கு மாறிக்கொள்ளலாம், சொந்த டொமைனின் லாபமே அதுதான்.

லேப்டாப் நல்ல தேர்வு. ராஸ்பெரி பை வாங்கப் போகாதீர்கள், இருப்பதே போதும். சும்மா இருக்கும்போது ஒரு பழைய லேப்டாப் 15 வாட் எடுக்கிறது என்று வைத்தால் இரண்டு மாத பில்லில் சுமார் 22 யூனிட் கூடும். உங்கள் வீட்டு பில் 500 யூனிட் விளிம்பில் இருந்தால் மட்டும் கவனியுங்கள், அதைத் தாண்டினால் ஸ்லாப்பே மாறி, கூடிய 22 யூனிட்டை விட அதிகமாகக் கையைக் கடிக்கும். மூடியை மூடினாலும் தூங்காதபடி அமைப்பில் மாற்றுங்கள். உள்ளே பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள். டெபியன் என்ற லினக்ஸ் போட்டால் வருஷக் கணக்கில் தொந்தரவு செய்யாது. பேட்டரிதான் கவனம் தேவைப்படும் இடம். எந்நேரமும் 100 சதவீதத்தில் சார்ஜிலேயே கிடந்தால் சூட்டில் உப்பும். சித்திரை, வைகாசியில் நம் பக்கம் 38, 39 டிகிரி சாதாரணம், ஆஸ்பெஸ்டாஸ் போட்ட மாடி அறை என்றால் கேட்கவே வேண்டாம். பல மாடல்களில் 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது, அதை இயக்குங்கள். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ அடித்தட்டு சரியாக மூடாமல் விலகி நின்றாலோ பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கழற்றி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள், குப்பையில் போட வேண்டாம். லேப்டாப்பை மரப் பீரோ மேல் வைக்காமல் கல் பலகையில் வையுங்கள்.

கரன்ட் போனால் லேப்டாப் தன் பேட்டரியில் நிற்கும், மோடம் போய்விடும். மோடத்துக்குப் பெரும்பாலும் 12 வோல்ட்தான், அதற்கென்று கைக்கடக்கமான மினி யுபிஎஸ் விற்கிறது, வாங்கும் முன் அடாப்டரில் போட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பாருங்கள். அதன் பிறகும் லைன் நிற்குமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. ஆபரேட்டர் ஆபீஸிலிருந்து வீடு வரை வெறும் கண்ணாடி இழையும் கரன்ட் தேவைப்படாத பிரிப்பானும் மட்டும் இருந்தால், அந்த முனையில் கரன்ட் இருக்கும் வரை லைனும் இருக்கும். நடுவில் எங்கோ ஒரு கம்பத்துப் பெட்டியில் கரன்ட்டில் ஓடும் நெட்வொர்க் ஸ்விட்ச் வைத்திருந்தால் அந்தக் கம்பத்தில் கரன்ட் போனதும் லைனும் போகும். அடுத்த முறை கரன்ட் போகும்போது மினி யுபிஎஸ்ஸில் நிற்கும் மோடத்தைப் பாருங்கள். லாஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் எதிர்முனையிலிருந்து வெளிச்சமே வரவில்லை. பான் (PON) விளக்கு பச்சையாக நிலையாக நின்றும் இன்டர்நெட் இல்லை என்றால் இழை நன்றாக இருக்கிறது, அதற்கு அப்பால் ஏதோ அணைந்திருக்கிறது. இதைச் சொல்லிப் புகார் கொடுத்தால் ஆபீஸில் இருப்பவர் உங்களை மதித்துப் பேசுவார். ஆடிக் காற்றில் மரக்கிளை உரசி இழை அறுவதும், பாபநாசம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் குரங்கு பிடித்து இழுப்பதும் தனிக் கதை, அதற்கு எந்த யுபிஎஸ்ஸும் உதவாது.

எல்லாவற்றையும் விட நான் பிடிவாதமாகச் சொல்வது பேக்கப். 2023 டிசம்பர் 17, 18 உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை, தாமிரபரணி ஊருக்குள் வந்தது, திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டில் தண்ணீர் நின்றது. அதற்கடுத்த வாரங்களில் கீழ்த்தள ஆபீஸ்களிலும் கடைகளிலும் இருந்து சேறு படிந்த கம்ப்யூட்டர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்வரும் அதன் பேக்கப் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேஜையில், ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. டிஸ்க்கைத் திறந்தால் தகட்டின் மேல் ஆற்று வண்டல். சில டிஸ்க்குகளை மீட்பு லேப்களுக்கு அனுப்பினார்கள், செலவு அதிகம், எல்லாம் திரும்பி வரவில்லை. நீங்களும் ஆற்றங்கரை ஊரில்தான் இருக்கிறீர்கள். சர்வரை மாடியில் வையுங்கள், அது முதல் படி. இரண்டாவது, ஒரு பிரதி வேறு ஊரில் இருக்க வேண்டும், பக்கத்துத் தெரு போதாது. அக்கா வீடோ மாமா வீடோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்தால் அங்கே இன்னொரு பழைய மெஷினை வைத்து, அதே டெயில்ஸ்கேல் வழியாக ராத்திரியில் ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் ஓடும்படி செய்யலாம், போகும்போதே பூட்டித்தான் அனுப்பும், அங்கே இருப்பவர் திறந்து பார்க்க முடியாது. முதல் பிரதியை இங்கேயே யுஎஸ்பி டிஸ்க்கில் எடுத்து கையோடு கொண்டுபோய் வைத்துவிட்டால் லைனில் புதிதாகச் சேர்ந்தது மட்டும் போகும். அப்படி ஆள் இல்லை என்றால் போட்டோ பேக்கப்புக்கு மட்டும் மேகத்தில் (கிளவுடில்) இடம் வாடகைக்கு எடுங்கள், இந்த ஒரு செலவுக்கு மனசு வையுங்கள். இரண்டு டிஸ்க் போட்டு இரண்டிலும் ஒரே நேரத்தில் ஒன்றையே எழுதும் ரெய்டு முறையைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள், தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். அப்புறம், இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேக்கப்பிலிருந்து ஏதாவது பழைய போட்டோ ஒன்றைத் திரும்ப எடுத்துத் திறந்து பாருங்கள். பேக்கப் ஓடுகிறது என்று தினமும் காட்டிவிட்டு, திறக்கும்போது பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாத பேக்கப்புகள் நிறைய இருக்கின்றன. அந்தப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு பீரோவில் வைத்து, வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள்.

விதிமுறை பற்றிக் கேட்டிருந்தீர்கள். வீட்டில் சர்வர் வைத்திருப்பது சட்டப்படி குற்றமா என்றால் இல்லை. ஆனால் வீட்டு பிளானின் ஒப்பந்தத்தில் பொதுமக்களுக்கான சேவை நடத்தக் கூடாது, லைனை மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற வரிகள் பல ஆபரேட்டர்களிடம் உண்டு, மீறினால் லைனை நிறுத்த அவர்களுக்கு உரிமை இருக்கிறது. குடும்பம் மட்டும் விபிஎன் வழியாகப் பார்ப்பதை யாரும் அப்படி எடுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்லிமிட்டெட் என்று விற்கும் பிளான்களுக்கும் மாதம் 3300 ஜிபி மாதிரி ஒரு வரம்பு வைப்பது வழக்கம், போட்டோவுக்கு அது ஏராளம். அப்லோடு வேகம் உள்ளூர் பிளான்களில் டவுன்லோடை விடக் குறைவாக இருக்கலாம், வெளியூரிலிருந்து நீங்கள் பார்ப்பது இந்த அப்லோடு வேகத்தில்தான், அதை ஒரு ராத்திரியிலும் ஒரு பகலிலும் சோதித்துப் பாருங்கள்.

தொடங்குவதாக இருந்தால் முதலில் ரவுட்டரில் திறந்து வைத்த போர்ட்டுகளை மூடுங்கள். அப்புறம் லேப்டாப்பில் டெபியன், அதன் மேல் டெயில்ஸ்கேல், இம்மிச், அன்றைக்கே யுஎஸ்பி டிஸ்க்கில் முதல் பேக்கப். வேறு ஊரில் இன்னொரு பிரதி அமையும் வரை கூகுளிலோ போனிலோ இருக்கும் போட்டோக்களை அழிக்க வேண்டாம். வான் முகவரி என்ன வருகிறது என்று பார்த்துவிட்டு இதே கேள்வியின் கீழ் எழுதுங்கள், முழு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள், முதல் இரண்டு எண்கள் போதும். மோடத்தின் மாடலையும் சேர்த்துப் போட்டால் பிரிட்ஜ் மோடு எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.